பல்லுயிர்க் குழுவில் பேச ஒரே ஒரு வாய்ப்பு: பல்கலைக்கழகத்திடம் எதைக் கேட்பது?

செம்மண்மேடு கேட்டது:

வணக்கம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆய்வு மாணவி நான். பெயர் வேண்டாம். கடற்கரைச் சாலையை ஒட்டிய செம்மண் நிலம், பழைய முந்திரித் தோப்பு, அதன் நடுநடுவே யாரும் நடாமல் தானாக எழுந்த புதர்க்காடு. இதுதான் எங்கள் வளாகம்.

பதிவாளர் அலுவலகத்தில் இப்போது ஒரு பல்லுயிர்க் குழு அமைத்திருக்கிறார்கள். ஆசிரியர்கள் சிலர், பொறியியல் பிரிவிலிருந்து ஒருவர், மாணவர் சார்பில் நான். அடுத்த மாதம் முதல் கூட்டம். முன்கூட்டியே வந்த குறிப்பில் உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்கு ஆயிரம் மரக்கன்று, மரங்களுக்குப் பெயர்ப்பலகை, பட்டாம்பூச்சிப் பூங்கா, வினாடி வினா என்று இருக்கிறது. எதையும் தவறு என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு பார்வையாளர் குழு வருகிறது என்று, மகளிர் விடுதிக்குப் பின்னால் இருந்த புதரை ஜேசிபி வைத்து மொத்தமாக வழித்துவிட்டார்கள். போன பனிக்காலம் முழுக்க அங்கே ஆறுமணிக்குருவி இருந்தது. இருட்டுகிற நேரத்தில் விடுதி மாடியில் நின்றால் அந்த இரட்டை விசில் கேட்கும். இந்த ஐப்பசியில் அது திரும்பி வந்தால் எங்கே இறங்கும் என்று தெரியவில்லை.

கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். பணம் அதிகம் கிடையாது. முக்கியமாக எதைக் கேட்க வேண்டும்? வளாகங்களில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

---

நாற்றங்கால் (கடலூர்) எழுதியது:

அம்மா, நான் ஒரு பல்கலைக்கழகத்தின் தோட்டப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது கடலூர் பக்கம் சின்னதாக ஒரு நாற்றங்கால் வைத்து நம் ஊர்க் காட்டு மரங்களை வளர்க்கிறேன். அந்த ஜேசிபி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

அது பராமரிப்பு டெண்டரிலிருந்து வருகிறது. "வளாகத்தில் புதர் அகற்றிச் சுத்தம் செய்தல், ஏக்கருக்கு இவ்வளவு" என்று ஒரு வரி இருக்கும். ஏக்கர் கணக்கில் பணம் கொடுத்தால் ஒப்பந்தக்காரர் ஏக்கர் கணக்கில்தான் வெட்டுவார். பிரஷ் கட்டர் பிடிக்கிற பையனிடம் எதை விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவனைக் குறை சொல்லிப் பயன் இல்லை. மேலே இருப்பவர்களும் காட்டை அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடவில்லை, சுத்தத்துக்குத்தான் போட்டார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் இப்படித்தான் நடந்தது. மரம் நட ஒரு விழா, புதர் வெட்ட ஒரு டெண்டர், இரண்டும் ஒரே அலுவலகத்திலிருந்து போகும். விழாவில் நட்டதில் பாதி சித்திரை வெயிலில் காய்ந்துபோகும். வெட்டியதில் என்ன போனது என்று கணக்கே இருக்காது.

அதனால் உங்கள் பத்து நிமிடத்தையும் இந்த ஒன்றுக்கே செலவழியுங்கள். பராமரிப்பு டெண்டரும் கட்டட வேலை டெண்டரும் பல்லுயிர்க் குழுவின் ஒப்புதல் இல்லாமல் வெளியே போகக் கூடாது. இது கிடைத்தால் மற்றதெல்லாம் மெல்ல வரும். இது கிடைக்கவில்லை என்றால் எத்தனை பூங்கா வைத்தாலும் அடுத்த பார்வையாளர் குழு வரும்போது மறுபடி ஜேசிபி வரும்.

டெண்டரில் என்ன மாற்றுவது என்று கேட்பார்கள். எடுக்க வேண்டிய செடியைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். வேலிக்காத்தான், உண்ணிச்செடி, பார்த்தீனியம். இவற்றை வேரோடு எடுத்தால் தூருக்கு இவ்வளவு என்று பணம். மற்றதில் கை வைத்தால் பிடித்தம். வேலை தொடங்குமுன் தோட்டப் பிரிவு ஆளும் உங்களைப் போல ஒரு மாணவரும் வேலையாட்களோடு ஒருதரம் நடந்து வர வேண்டும். புல் அறுக்க வரும் அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்கள். களா எது, காரை எது, சூரை எது என்று முள்ளைப் பார்த்தே சொல்வார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

புதர் ஏன் முக்கியம் என்று குழுவில் கேட்டால், ஒரு களாச் செடியைக் காட்டுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் முள். குனிந்து உள்ளே பாருங்கள். கொண்டைக்குருவி அதன்மேல் உட்கார்ந்து எச்சம் இடும். எச்சத்தில் வீரை விதை இருக்கும், காசா விதை இருக்கும். கீழே களா இலை மட்கி, மண் ஈரமாக, கறுப்பாக இருக்கும். அந்த நிழலில் விதை முளைக்கும். ஆடு வாய் வைக்க முடியாது, முள் தடுக்கும். இடுப்பளவு வந்ததும் களாவைத் தாண்டித் தலை நீட்டும். அப்புறம் அதற்கு யார் தயவும் வேண்டாம். நாம் பை கட்டி, குழி எடுத்து, லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி வளர்க்கிற மரத்தை, இந்த முட்செடி காசு வாங்காமல் வளர்த்துக் கொடுக்கிறது. உங்கள் ஆறுமணிக்குருவி இறங்குவதும் இந்தச் சருகுக்காகத்தான். சருகைப் புரட்டித்தான் அது புழுவும் பூச்சியும் தின்னும். புல்தரையில் அதற்கு ஒன்றுமே கிடைக்காது. சருகைக் கூட்டிக் கொளுத்துவதை நிறுத்தச் சொல்வதும் டெண்டரிலேயே வர வேண்டும். சாலையில் விழுந்ததைக் கூட்டிப் புதருக்குள் தள்ளினால் போதும்.

உங்கள் வளாகத்தில் இருப்பது சாதாரணக் காடு இல்லை. சோழமண்டலக் கரையில் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காட்டின் இனம் அது. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்கப்புறம் மாதக்கணக்கில் வறட்சி. அப்படியும் இலை உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கும். மரம் உயரமாக இருக்காது, கொடி நிறைய இருக்கும், உள்ளே நுழையவே முடியாது. இந்தக் காடு கரை ஓரத்தில் இன்று பிழைத்திருப்பது பெரும்பாலும் கோயில் காடுகளாகத்தான். காலாப்பட்டுக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு, கடலூர் மாவட்டத்தில் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம். இந்த மூன்று இடங்களிலும் புதுவைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் மரத்தையும் கொடியையும் கணக்கெடுத்து 1997-லேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அதை எடுத்து உங்கள் புதரில் இருக்கிற செடிகளோடு ஒத்துப் பாருங்கள். பட்டியலில் பாதி ஒத்துவந்தாலே பேச உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது.

ஆயிரம் மரக்கன்று பற்றி. வேண்டாம் என்று சொல்லாதீர்கள், கூட்டத்தில் எல்லாரும் எதிராகிவிடுவார்கள். "கன்றை வெளியில் வாங்க வேண்டாம், நாமே வளர்க்கலாம்" என்று சொல்லுங்கள். பிரபலமான நர்சரிகளில் கிடைப்பது மயில்கொன்றை, தூங்குமூஞ்சி, இப்போது ரோஸ் கலரில் பூக்கிற டபேபுயா. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவில் கரை ஏறியபோது நான் வேலையில் இருந்தேன். விடிந்து பார்த்தால் மயில்கொன்றை வேரோடு கிடக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அக்கேசியா நடுவில் முறிந்து கிடக்கிறது. முந்திரி போய்விட்டது. வளாகத்து மூலையில் நின்ற பாலை மரம் கிளை ஒடிந்ததோடு சரி. வீரை அசையவே இல்லை. இந்தக் காற்றையும் உப்பையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிப் பழகிய மரங்கள் அவை. மெதுவாக வளரும், அதுதான் அதிகாரிகளுக்குப் பிடிக்காது. ஆரோவில்லில் 1968-க்குப் பிறகு வெறும் செம்மண் ஓடையாக அரித்துக் கிடந்த மேட்டில் முதலில் அக்கேசியாவை நட்டு நிழல் உண்டாக்கி, அதன் அடியில் இந்த உள்ளூர் மரங்களைக் கொண்டுவந்தார்கள். உங்கள் முந்திரித் தோப்பு அந்த நிழல் வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. அதன் அடியில் நடுங்கள்.

பட்டாம்பூச்சிப் பூங்காவுக்கும் இதே பதில்தான். பூச்செடி தேன் கொடுக்கும், ஆனால் புழு தின்ன வேறு செடி வேண்டும். ரோஜா அழகி என்ற பட்டாம்பூச்சி முட்டையிடுவது ஆடுதின்னாப்பாளையில். தரையோடு படர்கிற அந்தச் செடியைத்தான் களை என்று முதலில் பிடுங்குவார்கள். எலுமிச்சை அழகிக்குக் காட்டெலுமிச்சையோ விளாவோ போதும். வெந்தய வரியனுக்கு எருக்கு. எருக்கை விட்டுவையுங்கள், பூங்காவுக்குச் செலவே இல்லை.

இன்னொன்று, வளாகத்தின் மாஸ்டர் பிளான். அதை வாங்கிப் பாருங்கள். கட்டடம், சாலை, விளையாட்டுத் திடல் எல்லாம் வண்ணம் அடித்திருக்கும். உங்கள் புதர்க்காடு வெள்ளையாக, காலி இடம் என்று இருக்கும். நாளைக்கு ஒரு புதிய துறைக்குக் கட்டடம் வேண்டும் என்றால் விரல் நேராக அங்கேதான் போகும். அந்த இடத்துக்கு வரைபடத்தில் ஒரு பெயரும் ஒரு நிறமும் வாங்கிக் கொடுத்து, ஆட்சிமன்றக் குழுவின் தீர்மானமாக ஏற்றிவிட்டால், அதை எடுக்க இன்னொரு தீர்மானம் வேண்டும். துணைவேந்தர் மாறினாலும் நிற்கும். பள்ளமான இடங்களையும் அதே வரைபடத்தில் குறித்துவிடுங்கள். முதல் மழையில் தேங்கி, தவளை முட்டையிட்டு, தை மாதத்தில் வற்றிப்போகிற குட்டைகளைக் குப்பைமண் கொட்டி மேடாக்குவார்கள், இல்லையென்றால் சிமெண்ட் பூசி மீன் விடுவார்கள். இரண்டிலும் தவளைக்கு இடம் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை பெய்ததே, அந்தத் தண்ணீரை இந்தப் பள்ளங்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பொறியியல் பிரிவுக்காரருக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். அவரை உங்கள் பக்கம் இழுக்க இதுதான் வழி.

---

வெள்ளாற்றங்கரை எழுதியது:

ஐயா சொன்னதோடு கடல் பக்கத்தையும் சேர்க்கிறேன். நான் பரங்கிப்பேட்டையில் படித்தவன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்துக் கரையிலேயே இருக்கிறது. வகுப்பு முடிந்து வெளியே வந்தால் சேற்றில் நண்டு. ஆற்றோரத்தில் மையத்துக்காரர்கள் 1990-களில் நட்டு வளர்த்த அலையாத்தி மரங்களைப் பார்த்துத்தான் நாங்கள் பாடம் படித்தோம்.

பக்கத்தில் பிச்சாவரத்தில் நடந்தது இந்த விவாதத்துக்கு நேராகப் பொருந்தும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். மரம் போனதும் வெயில் நேராகச் சேற்றில் பட்டு, மண் வறண்டு அமுங்கி, நடுவில் தாம்பாளம் மாதிரிப் பள்ளமாகிவிட்டது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் இறங்க வழி இல்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிப்போனது. எதை நட்டாலும் பிழைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் அங்கே வாய்க்கால் வெட்டின. ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து மீன்முள் மாதிரி இரண்டு பக்கமும் கிளை வாய்க்கால்கள். ஏற்றவற்றத் தண்ணீர் போய்வரத் தொடங்கியதும் உப்பு குறைந்தது, அப்புறம் நட்ட வெண்கண்டல் பிடித்துக்கொண்டது. என்ன கெட்டுப்போனது என்று ஆராய்ந்து தெரிந்துகொண்ட பிறகே நட்டார்கள். பல்கலைக்கழகம் என்றால் அந்த ஆராய்ச்சிதானே அதன் வேலை? பிச்சாவரம் 2022-ல் ராம்சர் தளமாகவும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகவும், அறிவிக்கப்பட்டது.

உங்கள் வளாகம் கடற்கரைச் சாலையை ஒட்டி என்கிறீர்கள். கடல் பக்கம் விளக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு ராத்திரி போய்ப் பாருங்கள். பங்குனி ஆமை தை, மாசி, பங்குனியில் இந்தக் கரையில் ஏறி முட்டையிடும். ஒன்றரை மாதத்துக்கு மேல் கழித்துக் குஞ்சு வெளியே வரும்போது வெளிச்சம் இருக்கும் பக்கம் ஓடும். கடல் வெளிச்சத்தைவிட உங்கள் விடுதி விளக்கு பெரிதாகத் தெரிந்தால் சாலைக்குத்தான் வரும். அந்த மாதங்களில் கடல் பார்த்த விளக்குகளை அணைப்பது, மற்றவற்றுக்கு மேல்மூடி போட்டு வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி செய்வது. செலவு அதிகம் இல்லை, மின்கட்டணமும் குறையும்.

---

செம்மண்மேடு எழுதியது:

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. நேற்று 1997 கட்டுரை ஒன்றை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். மிச்சமிருக்கும் புதரில் நடந்து பார்த்ததில் காசாவும் காட்டெலுமிச்சையும் கண்ணில் பட்டன. வீரை இடுப்பளவில் ஒரு களாவுக்குள் நிற்கிறது. நீங்கள் சொன்ன மாதிரியே.

ஒரு சிக்கல் இருக்கிறது. புதர் என்று வாய் திறந்தாலே பாம்பு என்கிறார்கள், கொசு என்கிறார்கள். விடுதிக் காப்பாளர் அம்மா நல்லவர்தான். "உன் குருவிக்காக என் பிள்ளைகளை விட முடியுமா?" என்று கேட்டார். பெற்றோர் கூட்டத்திலும் பேசியிருக்கிறார்கள். இதற்கு நான் என்ன சொல்வது?

---

நாற்றங்கால் (கடலூர்) எழுதியது:

அந்த அம்மா கேட்டதில் தப்பே இல்லை. அவர் பொறுப்பு அது. அவருக்குப் பதில் சொல்லாமல் நீங்கள் கூட்டத்துக்குப் போகாதீர்கள். முதலில் அவரைப் பார்த்துப் பேசுங்கள்.

கொசு சுலபம். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு புதரில் முட்டையிடாது. தேங்கின நல்ல தண்ணீரில் இடும். விடுதி மொட்டைமாடியில் மூடாத தொட்டி, பழைய வாளி, தேங்காய் ஓடு, ஏசியில் சொட்டுகிற தண்ணீருக்கு வைத்த டப்பா. அவற்றை வாரம் ஒருதரம் கவிழ்க்கச் சொல்லுங்கள்.

பாம்பு விஷயத்தை நான் லேசாகப் பேச மாட்டேன். கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாமல் தூக்கத்திலேயே ஆள் போய்விடுவதைக் கிராமத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் பாம்பு வீட்டுக்கும் விடுதிக்கும் வருவது எலியைத் தேடி. எலி வருவது மெஸ் பின்னால் கொட்டுகிற சோற்றுக்கு. நான் வேலை பார்த்த இடத்தில் பாம்பு அடிக்கடி வந்தது காட்டை ஒட்டிய விடுதிக்கு அல்ல, எச்சில் தொட்டியை ஒட்டிய விடுதிக்குத்தான். சோற்றுக் கழிவை மூடிய தொட்டியில் போட்டு அன்றன்றே எடுத்துவிட வேண்டும். கட்டடத்தைச் சுற்றி பத்தடிக்குப் புல்லைக் குட்டையாக வெட்டி வைக்கலாம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. நடைபாதையில் வெளிச்சம், கையில் டார்ச், கட்டில் இல்லாமல் தரையில் படுக்காதிருப்பது. கதவுக்குக் கீழே சந்து இருந்தால் அடைக்கச் சொல்லுங்கள். கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், நாட்டு மருந்துக்கு அலையாமல், காலை அசைக்காமல் வைத்து ஜிப்மருக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ நேராகப் போக வேண்டும். இதை விடுதி வாசலில் எழுதி ஒட்டுங்கள். இதையெல்லாம் குழுவின் பெயரில் நீங்களே செய்து கொடுத்தால், பத்தடிக்கு அப்பால் இருக்கிற புதரை அந்த அம்மாவே உங்களுக்கு விட்டுக்கொடுப்பார்.

நாய்களைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். விடுதிப் பிள்ளைகள் பாசத்தில் சோறு போடுகிற நாய்க்கூட்டம்தான் ராத்திரியில் முயலையும் உடும்பையும் கீரியையும் கடித்துப் போடுகிறது, கடற்கரையில் ஆமை முட்டையைத் தோண்டுகிறது. கருத்தடை செய்து, கழிவைக் கட்டுப்படுத்தினால்தான் எண்ணிக்கை குறையும்.

---

ஐயனார்வாசல் எழுதியது:

தங்கச்சி, நான் ஒரு கோயில் காட்டை ஒட்டிய கிராமத்தில் பள்ளி ஆசிரியை. எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் எங்கள் காட்டில் மரத்துக்கு நம்பர் அடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் மாமியார் மாதிரி வயசானவர்களை உட்கார வைத்து, எந்த இலை எந்த நோய்க்கு என்று நோட்டு நோட்டாக எழுதிக்கொண்டு போனார்கள். அதெல்லாம் என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் எங்கோ வந்திருக்கும். எங்கள் பஞ்சாயத்தில், ஊரில் இருக்கிற செடி, உயிர், அவற்றைப் பற்றி மக்களுக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் குறிக்கிற பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்று சொன்னபோது, எழுதத் தெரிந்த ஆள் யாரும் இல்லை. 2002-ஆம் வருடச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். அந்த வேலைக்கு உங்கள் துறையிலிருந்து பிள்ளைகள் வரலாமே. எங்களிடம் வாங்கியதை எங்கள் பெயரிலேயே, தமிழிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாமே. இளநிலைப் படிப்பில் எல்லாருக்கும் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் என்கிறார்கள். என் தம்பி பிள்ளை அதைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்தான். காலாப்பட்டு பக்கமே படித்தவன், ஒரு கோயில் காட்டுக்குள்ளும் அவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

விதை பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டோம். ஐயனார் காடு. அதனால்தான் காடு இன்னும் இருக்கிறது. பை எடுத்துக்கொண்டு வந்து பொறுக்கினால் ஊரில் சங்கடம் வரும். நாற்றங்கால் ஐயா எப்படிச் செய்கிறார் என்று தெரியவில்லை.

---

நாற்றங்கால் (கடலூர்) எழுதியது:

அம்மா, நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். நான் விதை எடுக்கிற இடத்தில் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுத்தான் எடுக்கிறேன். அதுவும் காட்டுக்குள் போவதில்லை. வெளி ஓரத்தில் பாதையில் விழுந்து மிதிபடுவதை மட்டும் எடுக்கிறேன். வளர்ந்த கன்றில் ஒரு பங்கு அந்த ஊருக்கே திரும்பிப் போகும். ஏரிக்கரையிலும் பள்ளியிலும் நட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்ன ஊரும் உண்டு, அங்கே போவதில்லை. பல்கலைக்கழகம் எடுக்கிறது என்றால் இதைக் காகிதத்தில் எழுதி, ஊரிடம் கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பதிவேடு யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, அருமையான யோசனை. செம்மண்மேடு அம்மா, இதைக் கூட்டத்தில் இரண்டாவதாக வையுங்கள்.

---

பனைஉழவாரன் எழுதியது:

சுருக்கமாக ஒன்று. ஆதாரம் வேண்டும் என்றால் பறவைகளை எண்ணத் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வருடமும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களுக்கென்றே இந்தியா முழுக்க ஒன்று நடக்கிறது. கால் மணி நேரம் நின்று பார்த்ததை இபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். நாங்கள் ஊசுட்டேரியில் அப்படித்தான் பழகினோம். வெட்டிய இடத்தில் ஒரு பட்டியல், வெட்டாத இடத்தில் ஒரு பட்டியல், ஒரே மாதிரி நேரம், மாதம் தவறாமல். வருடக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். செடியை அடையாளம் காண்பதில் சந்தேகம் வந்தால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பு உங்கள் ஊரிலேயே இருக்கிறது. முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிப் போய்ப் பாருங்கள்.

---

செம்மண்மேடு எழுதியது:

காப்பாளர் அம்மாவைப் பார்த்துப் பேசினேன். மெஸ் கழிவுத் தொட்டியை அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மூடி உடைந்து பல மாதமாம். பத்தடி, டார்ச், ஜிப்மர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். புதர் பற்றி இன்னும் சரி என்று சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்றார். கூட்டத்தில் டெண்டர் ஒப்புதலும் பக்கத்துப் பஞ்சாயத்துப் பதிவேடும் கேட்கப்போகிறேன். ஆசிரியை அக்கா, உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

ஐயா, கடைசியாக இரண்டு சந்தேகம். இப்போதுள்ள டெண்டரின் நகல் எனக்கு எப்படிக் கிடைக்கும்? மாணவி கேட்டால் கொடுப்பார்களா? அப்புறம் நாற்றங்காலுக்கு இந்தப் பருவத்தில் எதில் தொடங்கலாம்?

---

நாற்றங்கால் (கடலூர்) எழுதியது:

டெண்டர் பெரும்பாலும் பல்கலைக்கழக இணையதளத்திலேயே டெண்டர் அறிவிப்புப் பக்கத்தில் கிடக்கும். பழையதும் இருக்கும், தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எஸ்டேட் பிரிவில் குழு உறுப்பினர் என்று சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் நாளை வா என்பார்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் 2005-ஆம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். கூட்டம் அதற்கு முன்பே வருவதால் இணையதளத்தில் முதலில் பாருங்கள். "புதர்", "சுத்தம்", "ஏக்கர்" என்று வருகிற வரிகளை மட்டும் அடிக்கோடிட்டு, பக்கத்திலேயே மாற்று வரியை எழுதிக்கொண்டு போங்கள். குறை மட்டும் சொன்னால் "பார்க்கலாம்" என்று முடித்துவிடுவார்கள். எழுதின வரியை நீட்டினால் படித்தே ஆக வேண்டும். பல்கலைக்கழகங்களுக்குத் தரம் போடுகிற நாக் அமைப்பின் மதிப்பீட்டில் பசுமை வளாகத்துக்கும் பசுமைத் தணிக்கைக்கும் இடம் இருந்திருக்கிறது, அதையும் சொல்லுங்கள். பதிவாளர் காது கொடுப்பார்.

நாற்றங்காலுக்கு நாவலும் இலுப்பையும் வைத்துத் தொடங்குங்கள். ஆனி, ஆடியில் இரண்டும் விழும். விதையை வெயிலில் காயவைத்துச் சேமிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், இரண்டுமே காய்ந்தால் செத்துப்போகும். பொறுக்கிய வாரத்திலேயே சதையைக் கழுவிவிட்டுப் பையில் ஊன்ற வேண்டும். செம்மண், மணல், மட்கிய சருகு சம பங்கு போதும். நீளமான பையாக வாங்குங்கள், ஆணிவேர் வளைந்தால் அப்புறம் காற்றுக்கு நிற்காது. பாலையும் வீரையும் முளைக்க நாளாகும், பொறுமை வேண்டும். அதற்கு விதை நானே தருகிறேன், எந்த ஊரிலிருந்து எடுத்தது என்று பையில் எழுதியிருக்கும். புயல் மழைக்கு முன்னால் நட வேண்டாம், கார்த்திகை பாதிக்கு மேல் மண் இறுகியதும் நடுங்கள். மாசி வரை ஈரம் இருக்கும், அதற்குள் வேர் இறங்கிவிடும்.